முட்டைக்குள் ஒரு பூட்டும் திறப்பும்

சென்ற தவணையின் இறுதியில் எமது உயிரியல் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தோடு இவ்வாரக் கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

மூன்று வாரங்களாக வகுப்புக்கு வராதிருந்த மாணவன் ஒருவன் அன்று வந்திருந்தான். அவனையும் அவனுடைய தங்கையையும் டெங்குக் காய்ச்சல் ஒரே வேளையிற் பற்றியிருந்தது. அவன் பிழைத்து எழுந்தான். ஏழு வயதுத் தங்கை எழவில்லை. அவ்வீட்டின் துயரத்தை நான் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. எமது நாட்டில் 2017 ஆம் ஆண்டில் மட்டும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அவ்வாண்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அத்தகைய துயரை அறிந்தன.

அன்று நான் பற்றீரியாக்களின் நன்மைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பால் தயிராவதும், அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நைதரசன் பதிக்கப்படுவதும் எவ்வாறென விளக்கினேன். அவ்வேளையில் அம்மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, நன்மை செய்யும் கிருமி, தீமை செய்யும் கிருமி என்று பிரித்துப் படிப்பதில் என்ன பயன்? எல்லாவற்றையும் ஒருங்கே ஒழித்துவிட இயலாதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று. டெங்கைத் தருவது வைரசு, பற்றீரியா அன்று என்று நான் திருத்தியிருக்கலாம். பாடநூலின்படி அது சரியான விடையாகும். ஆயின், அவன் கேட்டது பாடநூற் கேள்வியன்று என்பதை அங்கிருந்த அனைவரும் அறிவர். "இதற்கு அடுத்த வாரம் விடை கூறுகின்றேன், தம்பி" என்று சொல்லி அமரச் செய்தேன். அடுத்த வாரம் வகுப்பிற் கூறியதையே இங்கு எழுத்திலே தருகின்றேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தற்குரிய செய்தி இது.

கியூலெக்சு நுளம்பின் மர்மம்

கதை 1924 ஆம் ஆண்டில் ஆரம்பமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் ஹேர்ட்டிக், சிமியோன் வொல்பாக் என்னும் இரு அறிஞர்கள், வீடுகளைச் சுற்றித் திரியும் கியூலெக்சு நுளம்பின் உடலை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர். அதன் இனப்பெருக்க உறுப்புகளின் கலங்களுக்குள்ளே மிக நுண்ணிய பற்றீரியாக்கள் குடியிருக்கக் கண்டனர். நுளம்புக்கு அவற்றால் நோயேதும் உண்டானதாகத் தெரியவில்லை. பின்னர் 1936 இல், ஹேர்ட்டிக் தம் சகபாடியின் பெயரால் அந்நுண்ணுயிருக்கு வொல்பாக்கியா என்று பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் அது பெரும்பாலோரின் கவனத்துக்கு எட்டாத ஒரு பெயராகவே கிடந்தது.

1950 களில் வேறொரு திசையிலிருந்து ஒரு மர்மம் எழுந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் லாவன் என்னும் அறிஞர், வெவ்வேறு நாடுகளிலிருந்து பெற்ற கியூலெக்சு நுளம்புகளை ஆய்வுகூடத்தில் ஒன்றோடொன்று இணையவிட்டார். சில இணைகளின் முட்டைகள் வழமைபோற் பொரித்தன. வேறு சில இணைகளின் முட்டைகளிலிருந்து ஏறக்குறைய ஒரு குடம்பியேனும் வெளிவரவில்லை. விந்து முட்டையினுள் நுழைந்திருந்தும் முளையம் வளரவில்லை. இன்னும் விந்தை என்னவெனில், ஓரூர் ஆணும் வேறூர்ப் பெண்ணும் இணைந்தால் முட்டைகள் யாவும் பாழாகும். அதே இரண்டு ஊர்களிலும் ஆணையும் பெண்ணையும் மாற்றி இணைத்தாலோ முட்டைகள் நன்றாகப் பொரிக்கும். இப்பண்பு தாய்வழியாகவே மரபுரிமையாக இறங்குவதை லாவன் கண்டறிந்தார். ஆயின், காரணம் யாதென அக்காலத்தில் விளங்கவில்லை.

காரணம் தெரியாதபோதே அதன் பயனை அவர் கண்டுகொண்டமை வியப்புக்குரியது. 1967 இல், பர்மாவில் இரங்கூனுக்கு அண்மையிலுள்ள ஒக்போ என்னும் சிற்றூரில், அவ்வூர்ப் பெண் நுளம்புகளோடு ஒவ்வாத ஆண் நுளம்புகளைப் பெருந்தொகையாக வளர்த்து விடுவித்தார். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு நுளம்பின் குடித்தொகை சில மாதங்களுள் அவ்வூரில் அற்றுப்போயிற்று. மருந்து தெளிக்காமலே ஓரூரின் நுளம்புக் கூட்டம் இவ்வாறு அழிந்தது அதுவே முதன்முறையாகும்.

இரு மர்மங்களையும் ஒன்றாகப் பிணைத்தவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த யென், பார் என்னும் ஆய்வாளர்கள். முட்டைகள் பாழாவதற்குக் காரணம் நுளம்பினுள் வாழும் வொல்பாக்கியாவே என்று 1971 இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். அதனையடுத்து, ரெற்றாசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியால் நுளம்புகளிலிருந்து வொல்பாக்கியாவை நீக்கிப் பார்த்தபோது, ஆண் நுளம்புகளின் அந்த வலிமை ஒழிந்தது. இவ்வாறு, முளையத்தின் வாழ்வையும் சாவையும் ஒரு பற்றீரியா தீர்மானிக்கின்றதென்பது நிலைநாட்டப்பட்டது.

நான்கு இணைகள்

மாணவர்கள் இதனை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஆணிடம் வொல்பாக்கியா இருக்கலாம், இல்லாதிருக்கலாம். பெண்ணிடமும் அவ்வாறே. ஆகவே நான்கு வகை இணைகள் உண்டாகும். இருவரிடமும் இல்லையெனின் முட்டைகள் பொரிக்கும். இருவரிடமும் உண்டெனினும் பொரிக்கும். பெண்ணிடம் மட்டும் உண்டெனினும் பொரிக்கும். ஆணிடம் இருந்து பெண்ணிடம் இல்லாதபோது மட்டுமே முட்டைகள் பாழாகும்.

இதனை ஒரு பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிடலாம். வொல்பாக்கியா உள்ள ஆண், தன் விந்திலே ஒரு பூட்டைப் பூட்டி அனுப்புகின்றது. வொல்பாக்கியா உள்ள பெண், தன் முட்டையிலே அதற்குரிய திறப்பை வைத்திருக்கின்றது. திறப்பற்ற முட்டைக்குள் பூட்டிய விந்து சென்றால் முளையம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு பற்றீரியா இத்தகைய சூழ்ச்சியை ஏன் செய்யவேண்டும்? விந்துக் கலத்திலே வொல்பாக்கியா தங்குவதற்கு இடமில்லை. ஆகவே அது தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. ஆணின் உடல் அதற்கு ஒரு முட்டுச் சந்து. அம்முட்டுச் சந்திலிருந்தும் அது தன் இனத்துக்கு உதவி செய்துவிடுகின்றது. வொல்பாக்கியா இல்லாத பெண்களின் முட்டைகளைப் பாழாக்குவதன் மூலம், வொல்பாக்கியா உள்ள பெண்களின் மக்கள் விகிதாசாரத்திற் பெருக வழி செய்கின்றது. பற்றீரியாவுக்கு எண்ணமும் திட்டமும் இல்லை. அவ்வாறு செய்யவல்ல வகை நிலைத்தது, மற்றவை குறைந்தன என்பதே இதன் பொருள்.

இதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓரிடத்து நுளம்புகளில் பாதி வொல்பாக்கியா உடையன, பாதி இல்லாதன என்று கொள்வோம். பூட்டு ஒருபோதும் தவறுவதில்லை, தாயிடமிருந்து எல்லா மக்களுக்கும் பற்றீரியா செல்கின்றது, அதனால் நுளம்புக்கு வேறு நட்டமில்லை என்றும் கொள்வோம். நூறு பெண்களில், வொல்பாக்கியா உள்ள 50 பேரின் முட்டைகளும் பொரிக்கும். இல்லாத 50 பேரிற் பாதிப்பேர் வொல்பாக்கியா உள்ள ஆணோடு இணைவர். ஆகவே 25 பேரின் முட்டைகளே பொரிக்கும். அடுத்த தலைமுறையில் 75 இல் 50 பங்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 67, வொல்பாக்கியா உடையன. இதே கணக்கை மீண்டும் செய்தால் அதற்கடுத்த தலைமுறையில் 86, அதற்கும் அடுத்ததில் 98. மூன்றே தலைமுறைகளிற் பாதியாயிருந்தது ஏறக்குறைய முழுதாகிவிட்டது. இயற்கையில் இத்துணை ஒழுங்காக நடைபெறுவதில்லை. எனினும் போக்கு இதுவே. இன்று பூச்சியினங்களிற் பாதியளவு வொல்பாக்கியாவைச் சுமப்பனவாக மதிப்பிடப்படுவதற்கு இத்தகைய திறனும் ஒரு காரணமாகும்.

பழ ஈயின் முட்டையில் நிகழ்வது

அப்பூட்டு எதனால் ஆனது? இதற்கு விடை காண அறிஞர்கள் நாடிய பிராணி, ஆய்வுகூடங்களிற் கண்ணாடிக் குப்பிகளுள் வளர்க்கப்படும் பழ ஈயாகும். எமது வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிற்றீக்களின் இனத்தது அது. முந்திரிகைச் சாறு கலந்த ஏகார்த் தட்டில் அது முட்டையிடும். முட்டை வெண்மையாதலால் கருஞ்சிவப்புத் தட்டில் தெளிவாகத் தெரியும். 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு நாளளவில் முட்டை பொரித்துக் குடம்பி வெளிவரும். ஆரம்பத்தில் அதன் கருக்கள் எட்டுப் பத்து நிமிடங்களுக்கொரு முறை இரட்டித்துக்கொண்டே செல்லும். முளைய வளர்ச்சியைத் தொடக்கம் முதல் இறுதிவரை கண்ணாற் கண்டு ஆராய இதனினும் வசதியான பிராணிகள் சிலவே.

விந்துக் கலத்தின் தலை மிகச் சிறியது. அதனுள் தந்தையின் நிறமூர்த்தங்கள் யாவும் அடங்கவேண்டும். அதன்பொருட்டு, புரோத்தமீன் என்னும் தனி வகைப் புரதங்களால் அவை இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. பட்டுச் சேலையை நெருக்கமாக மடித்துச் சிறு பெட்டியுள் அடக்குவது போன்றது இது. விந்து முட்டையுள் நுழைந்ததும் இம்மடிப்பு அவிழவேண்டும். தாயின் முட்டையிலுள்ள ஹிஸ்ரோன் என்னும் புரதங்கள் புரோத்தமீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் தந்தை வழி வந்த கருவும் தாய் வழி வந்த கருவும் அருகருகே வந்து, ஒரே வேளையில் முதற் பிரிவுக்கு ஆயத்தமாகும். இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கவேண்டும்.

பூட்டிய விந்து வந்த முட்டையில் இத்தாளம் பிசகுகின்றது. தாயின் நிறமூர்த்தங்கள் ஆயத்தமாகிப் பிரியத் தொடங்கும்போது, தந்தையின் நிறமூர்த்தங்கள் இன்னும் ஆயத்தமாகாது பின்தங்கி நிற்கின்றன. பிரிவு அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. அவை இரு பக்கமும் இழுபட்டுச் சிக்கலாகி உடைகின்றன. ஓருயிரின் முதலாவது கலப்பிரிவே தவறுகின்றது. அம்முளையம் மேலும் வளர்வதில்லை.

இவ்விடத்தில் இயற்கை தரும் ஒரு சான்று உண்டு. நசோனியா என்னும் சிறு குளவியினத்திலே, தேனீக்களிற் போலவே, கருக்கட்டாத முட்டை ஆணாகும், கருக்கட்டிய முட்டை பெண்ணாகும். வொல்பாக்கியா பூட்டிய விந்து இக்குளவியின் திறப்பற்ற முட்டையிற் சென்றால், முட்டை சாகாமல் ஆண் குளவியாக வளர்வதுண்டு. தந்தையின் நிறமூர்த்தங்கள் முழுவதும் நீங்கிவிட, தாயின் தொகுதி மட்டும் எஞ்சி, கருக்கட்டாத முட்டை போலவே அது வளர்கின்றது. பூட்டு விழுவது தந்தையின் நிறமூர்த்தங்கள் மீதுதான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இரு புரதங்கள்

பூட்டைச் செய்யும் பொருள் எதுவென்பது 2017 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தில் சேத் போர்டன்ஸ்ரைன் தலைமையிலான குழுவினரும், யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹொக்ஸ்ராசர் தலைமையிலான குழுவினரும் தனித்தனியே ஆராய்ந்து, ஒரே இரு பரம்பரையலகுகளைச் சுட்டினர். சிஃப் ஏ, சிஃப் பீ என்னும் இரு புரதங்களை அவை ஆக்குகின்றன.

பரிசோதனையின் அழகை மாணவர்கள் கவனிக்கவேண்டும். வொல்பாக்கியா சிறிதும் இல்லாத பழ ஈக்களை எடுத்தனர். அவற்றின் ஆண்களில் இவ்விரு பரம்பரையலகுகளையும் புகுத்தினர். அங்கே பற்றீரியா இல்லை, அதன் புரதங்கள் மட்டுமே உண்டு. அவ்வாண்கள் சாதாரணப் பெண் ஈக்களோடு இணைந்தபோது முட்டைகள் பாழாயின. ஒரு பரம்பரையலகை மட்டும் புகுத்தியபோது அவ்வாறு நிகழவில்லை. வொல்பாக்கியா உள்ள பெண் ஈயோடு இணைந்தபோதோ முளையங்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டில், பெண் ஈயின் முட்டையிலே சிஃப் ஏ என்னும் ஒரே புரதம் இருந்தாலும் முளையம் பிழைக்கும் என்று காட்டப்பட்டது. பூட்டும் புரதம், திறப்பும் புரதம்.

சிஃப் பீ புரதத்தின் தொழிலையும் யேல் குழுவினர் ஆராய்ந்தனர். கலத்திலே பிற புரதங்களின்மீது ஒட்டப்படும் யுபிகுயிற்றின் என்னும் சிறு அடையாளத் துண்டுகளை அது வெட்டி நீக்கவல்ல நொதியமாகும். எந்தப் புரதம் நிற்கவேண்டும், எது அகலவேண்டும் என்பதை இவ்வடையாளங்கள் குறிப்பதனால், அவற்றைக் கலைத்தால் கலத்தின் ஒழுங்கு கலையும். இப்புரதங்கள் விந்து உருவாகும்போதே ஆண் ஈயின் விதைகளில் தொழிற்பட்டு, ஹிஸ்ரோன் போய்ப் புரோத்தமீன் வரும் மாற்றத்தைக் குழப்புகின்றன என்று 2022 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இவை விந்தோடு முட்டைக்குள்ளும் சென்று நஞ்சாகத் தொழிற்படுகின்றன, சிஃப் ஏ அந்நஞ்சை முறிக்கின்றது என்பது மற்றொரு சாராரின் கருத்து. இவ்விரு கருத்துகளுக்குமிடையே விவாதம் நடைபெறுகின்றது.

இன்னும் ஒரு புதுமை உண்டு. இவ்விரு பரம்பரையலகுகளும் வொல்பாக்கியாவின் நிறமூர்த்தத்தில், ஒரு வைரசிலிருந்து வந்து தங்கிய பகுதியிலே அமைந்துள்ளன. பற்றீரியாவைத் தொற்றும் வைரசு, அதன் கொடை பற்றீரியாவுக்குள், அப்பற்றீரியா ஈயின் கலத்துக்குள். பெட்டிக்குள் பெட்டியாக அமைந்த இவ்வுலகிலே, எதை ஒழித்து எதை வைப்பதென்று வெளியிலிருந்து கூறுவது எளிதன்று.

ஆண் முளையங்களை மட்டும் கொல்லும் புரதம்

பற்றீரியாப் புரதமொன்று முளையத்தைத் தீண்டும் வழி இது ஒன்றேயன்று. பழ ஈயின் சில மரபுகளிற் பெண் மக்கள் மட்டுமே பிறப்பதை 1957 இல் அறிஞர்கள் விவரித்தனர். ஆண் முளையங்கள் முட்டையுள்ளேயே மடிந்தன. காரணம் ஸ்பைரோபிளாசுமா என்னும் சுருள் வடிவப் பற்றீரியா.

சுவிற்சலாந்தின் லோசான் நகரில் ஆராய்ந்த ஹருமொட்டோ, லெமெத்ர் என்னும் இருவர், ஆண்களைக் கொல்லும் திறன் குன்றிய ஸ்பைரோபிளாசுமா வகையொன்று தற்செயலாகத் தோன்றியதைக் கண்டனர். அதன் பரம்பரையலகுகளை மூல வகையோடு ஒப்பிட்டபோது ஒன்றிற் சிறு பகுதி அற்றிருந்தது. அதன் புரதத்துக்கு ஸ்பெயிட் என்று பெயரிட்டு, அதனைப் பழ ஈயிற் புகுத்தினர். ஆண்கள் மடிந்தன, பெண்கள் பிழைத்தன. இது 2018 இல் வெளியாயிற்று.

புரதம் ஆணைப் பெண்ணிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? பெண் ஈக்கு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு, ஆண் ஈக்கு ஒன்று. அந்த ஒன்றே இரண்டின் வேலையைச் செய்ய, ஆண் ஈயிலே அதனை இருமடங்காக ஊக்குவிக்கும் புரதப் பொறியொன்று அதன்மீது அமர்கின்றது. பெண்ணில் அப்பொறி அமர்வதில்லை. ஸ்பெயிட் அப்பொறியை நாடிச் சென்று, அந்நிறமூர்த்தத்துக்குச் சேதம் விளைவிக்கின்றது. முளையத்தின் கலங்கள் பெருந்தொகையாக மடிகின்றன. எங்கே பொறி உண்டோ அங்கேதான் தாக்குதல்.

இதனால் வீட்டுக்கு என்ன?

இதுவரை கூறியவை ஈக்களின் கதையாகத் தோன்றலாம். இனி அம்மாணவனின் வீட்டு வாசலுக்கு வருவோம்.

டெங்கைப் பரப்புவதில் முதன்மையான ஈடிஸ் எஜிப்தி என்னும் நுளம்பிலே இயற்கையில் வொல்பாக்கியா இல்லை. பழ ஈயினுள் வொல்பாக்கியா இருந்தால் சில வைரசுகள் அதிற் பெருக இயலாது என்பது 2008 இல் வெளியாயிற்று. அப்படியாயின் டெங்கு வைரசையும் அது தடுக்குமன்றோ? அவுஸ்திரேலியாவில் ஸ்கொட் ஓநீல் தலைமையிலான குழுவினர், பழ ஈயின் வொல்பாக்கியாவை மயிரினும் மெல்லிய ஊசியால் ஈடிஸ் நுளம்பின் முட்டைகளுள் ஏற்றினர். ஆயிரக்கணக்கான முட்டைகளில் முயன்ற பின்னரே பற்றீரியா நிலைத்த மரபொன்று கிடைத்தது. அந்நுளம்புகளின் உடலில் டெங்கு வைரசு பெருகுவது பெரிதும் குறைந்தது.

2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேர்ன்ஸ் நகருக்கு அருகே இரு சிற்றிடங்களில், அங்கு வாழ்வோரின் சம்மதம் பெற்று, அந்நுளம்புகள் விடுவிக்கப்பட்டன. சில மாதங்களில் அவ்விடத்து ஈடிஸ் நுளம்புகள் பெரும்பாலும் வொல்பாக்கியா உடையனவாயின. பூட்டும் திறப்பும் செய்த வேலை அது. மேலே தாளிற் போட்ட கணக்கு ஊரிலே மெய்ப்பட்டது. பின்னர் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தெரிந்த 12 பகுதிகளில் மட்டும் நுளம்புகளை விடுவித்தனர். அப்பகுதிகளில் டெங்கு நோய் 77 சதவீதத்தாற் குறைந்தமை 2021 இல் வெளியாயிற்று. சிங்கப்பூரிலே வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. அங்கு 2016 முதல் வொல்பாக்கியா உள்ள ஆண் நுளம்புகளை மட்டும் விடுவித்து, முட்டைகளைப் பாழாக்கி, நுளம்புத் தொகையையே குறைக்க முனைந்தனர். ஒக்போவில் லாவன் செய்ததன் வழித்தோன்றல் அது. எமது நாட்டிலும் 2020 ஆம் ஆண்டில் கொழும்பு மாவட்டத்தின் சில பகுதிகளில் வொல்பாக்கியா நுளம்புகள் பரீட்சார்த்தமாக விடுவிக்கப்பட்டன.

தாய்மார் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஈயின் முட்டையைப் பாழாக்கும் பற்றீரியா, நுளம்புக் கடியால் எங்கள் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யாதா? செய்யாது. வொல்பாக்கியா பூச்சிகள் முதலிய கணுக்காலிகளின் கலங்களுக்குள்ளும் சில வட்டப் புழுக்களுக்குள்ளும் மட்டுமே வாழவல்லது. முள்ளந்தண்டுள்ள பிராணிகளில் அது வாழ்வதில்லை. எம்மைக் கடிக்கும் சாதாரண நுளம்புகள் பலவற்றிலே, கியூலெக்சு உட்பட, அது எக்காலமும் இருந்தே வந்துள்ளது.

அவ்வட்டப் புழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானைக்கால் நோயைத் தரும் புழுவினுள்ளும் வொல்பாக்கியா வாழ்கின்றது. ஆனால் அங்கே நிலைமை நேரெதிர். அப்புழுவின் முளையங்கள் வளர அப்பற்றீரியா இன்றியமையாதது. இப்புழுவுக்கு உறவான புழுவினம் ஒன்றைச் சுமந்த ஆய்வுகூட எலியினப் பிராணிகளுக்கு ரெற்றாசைக்கிளின் கொடுத்தபோது, பற்றீரியா மடிந்தது, புழுவும் மலடாயிற்று. இது 1999 இல் வெளியாகி, இதே இனத்து மருந்தான டொக்சிசைக்கிளின் கொண்டு மனிதரிலும் புழுவை மலடாக்கும் சிகிச்சைக்கு வழிகாட்டியது. எமது நாடு வேறு மருந்துகளாலும் நீண்ட முயற்சியாலும் அந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது.

ஒரே இனப் பற்றீரியா ஈயின் முளையத்தை நிறுத்துகின்றது, புழுவின் முளையத்தை வளர்க்கின்றது, நுளம்பினுள் மனிதனுக்குக் காவலாகின்றது. இதனை நன்மைக் கிருமி என்போமா, தீமைக் கிருமி என்போமா? எந்த உயிரில், எந்த வேளையில், எந்தப் புரதத்தால் என்று கேட்டறிந்த பின்னரே விடை கூற இயலும். பிரித்துப் படிப்பதன் பயன் அதுவே.

வகுப்பில் இதனைக் கூறி முடித்தபோது அம்மாணவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, அந்த நுளம்பு எங்கள் ஊருக்கு முன்னரே வந்திருந்தால்?" என்று மெல்லக் கேட்டான். அதற்கு எந்த ஆசிரியனாலும் விடை கூற இயலாது. "முன்னர் வரவில்லை. 1924 இல் கண்ட ஒன்றின் பயன் தெரிய இத்தனை ஆண்டுகள் சென்றன. அடுத்ததைக் கண்டறிய இத்தனை ஆண்டுகள் செல்லாதிருக்க வேண்டுமாயின் உன்னைப் போன்றோர் படிக்கவேண்டும்" என்று மட்டும் கூறினேன். அவன் தலையசைத்துக் குறிப்பேட்டைத் திறந்தான்.

வொல்பாக்கியா எல்லா ஊருக்கும் எட்டும்வரை காத்திருக்க நேரமில்லை. அது எட்டிய ஊரிலும் வளவைச் சுத்தம் செய்யும் கடமை நீங்குவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இப்பக்கத்தை மடித்து வைத்த பின்னர், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். கவிழ்த்து வைக்காத சிரட்டை, பழைய ரயர், பூச்சாடியின் கீழ்த்தட்டு, இலை அடைத்த பீலி ஆகிய இவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். வீட்டில் எவருக்கேனும் கடுங்காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் செல்வதைப் பின்போடாதீர்கள்.